குட்டையும் நெட்டையும்: குரோஷே பக்கத்துக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் புதிதாகக் கற்பவர்களுக்கென்று வந்த குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) பக்கத்தில், மேடு பள்ளமாகத் தெரியும் எளிய பின்னல் ஒன்றுக்குக் குறிப்புக் கொடுத்திருந்தீர்கள். "டபுள் ஒன்று, ட்ரெபிள் ஒன்று என்று மாறி மாறிப் போடவும், வரி திரும்பும்போது ஒரு சங்கிலி" என்று இருந்தது. குறிப்பு தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அதைப் பார்த்துப் போட்ட பலருக்கும் மேடும் வந்திருக்காது, பள்ளமும் வந்திருக்காது. தொளதொளவென்று ஓட்டை விழுந்த துணியும், உள்வாங்கிய ஓரமும்தான் வந்திருக்கும்.

காரணம், அந்தக் குறிப்பு இங்கிலாந்துக் கணக்கில் எழுதப்பட்டது. இன்று கைபேசியில் வீடியோ பார்த்துக் கற்கிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கில்தான் கற்கிறார்கள். இரண்டு நாட்டிலும் கை செய்யும் வேலை ஒன்றுதான், கண்ணிகளின் பெயர்தான் ஒரு படி தள்ளி நிற்கிறது. அமெரிக்கர் சிங்கிள் என்பதை இங்கிலாந்துக்காரர் டபுள் என்கிறார்கள். அமெரிக்கரின் டபுள் அங்கே ட்ரெபிள். அமெரிக்கரின் ட்ரெபிள் அங்கே டபுள் ட்ரெபிள். சங்கிலிக்கும் (நூலை மாட்டி ஊசியில் நிற்கும் வளையத்தின் வழியாக இழுப்பது) ஸ்லிப் ஸ்டிச்சுக்கும் (உயரமில்லாமல் பூட்டும் கண்ணி) மட்டும் இன்று இரு பக்கமும் ஒரே பெயர். வீட்டில் பழைய கைவேலைப் புத்தகம் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம், வீடியோ பார்ப்பவர்கள் இன்னொரு பக்கம் என்று ஒரே தெருவில் இரண்டு கணக்கும் புழங்குகிறது. எந்தக் கணக்கு என்று தெரியாத குறிப்பு கைக்கு வந்தால், அதில் சிங்கிள் குரோஷே என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு. எங்கும் சிங்கிள் இல்லாமல் டபுளும் ட்ரெபிளுமாகவே இருந்தால் இங்கிலாந்துக் கணக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்தக் கடிதத்தில் அந்தப் பெயர்களை விட்டுவிட்டு, உயரத்தை வைத்தே குட்டை, நெட்டை என்று எழுதுகிறோம்.

குட்டை என்பது இது: ஊசியைக் கண்ணிக்குள் குத்தி, நூலைக் கொக்கியில் மாட்டி வெளியே இழுத்தால் ஊசியில் 2 வளையம் இருக்கும். மறுபடி நூலை மாட்டி 2 வளையத்தின் வழியாகவும் ஒரே இழுப்பு. முடிந்தது. நெட்டைக்குக் குத்துவதற்கு முன்பே நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பிறகு குத்தி இழுத்தால் ஊசியில் 3 வளையம். நூலை மாட்டி முதல் 2 வளையத்தின் வழியாக இழுக்க, மீதி 2 நிற்கும். மறுபடி மாட்டி அந்த 2 வளையத்தின் வழியாகவும் இழுக்க வேண்டும். அமெரிக்கக் கணக்கில் இவை சிங்கிளும் டபுளும்.

இந்த இரண்டை மட்டும் வைத்து வருவதுதான் நீங்கள் கொடுத்த பின்னல். அமெரிக்கக் குறிப்புகளில் லெமன் பீல் என்று வரும். ஒரு வரியில் குட்டை, நெட்டை, குட்டை, நெட்டை. அடுத்த வரியில் நெட்டையின் தலையில் குட்டை, குட்டையின் தலையில் நெட்டை. இவ்வளவே விதி. இரண்டு குட்டைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட நெட்டை நிமிர்ந்து நிற்க இடமில்லாமல் புடைத்துக்கொள்கிறது. மேலே வரும் வரி அதன் தலையைக் குட்டையால் அழுத்திப் பிடிக்கிறது. அந்தப் புடைப்புதான் மேடு. நெட்டைக்கும் அதைவிட நெட்டைக்கும் இடையில் இந்த இறுக்கம் கிடைக்காது. இரண்டுமே உயரமான கண்ணி. தண்டுகளுக்கு நடுவில் காற்றுப் போகும். தவிர, ஒரு சங்கிலி உயரம் குட்டைக்குத்தான் காணும், நெட்டைக்குக் காணாது. வரித் தொடக்கத்தில் அது பற்றாமல் ஓரத்தை உள்ளே இழுத்துவிடும். இணைப்பைப் பார்த்துப் போட்டவர்களுக்கு நேர்ந்தது இதுதான்.

தொடக்கத்திலேயே இந்தப் பின்னலைக் கொடுத்தது நல்ல முடிவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழக்கமாகப் புதியவர்களுக்கு வெறும் குட்டையை மட்டும் கொடுத்து நீளமாக ஒரு கழுத்துத் துணி போடச் சொல்வார்கள். ஊட்டிக்குப் போகிற நாலு நாளைத் தவிர நம் பக்கத்து வெயிலுக்கு அதை யார் கழுத்தில் சுற்றுவது? வெறும் குட்டைத் துணியில் கை ஒருமுறை இறுகி ஒருமுறை தளர்ந்தால் அத்தனையும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். மேடு பள்ளப் பின்னல் அந்த ஏற்ற இறக்கத்தை மறைக்கும். அதைவிடப் பெரிய வசதி, அடுத்து என்ன போடுவது என்பதைத் துணியே சொல்லிவிடும். பேச்சுக் கொடுத்தோ, பால்காரர் வந்தோ பாதியில் விட்டுப் போனாலும், கீழே நிற்பது நெட்டையா குட்டையா என்று பார்த்தால் போதும். எண்ணிக்கையை மனதில் சுமக்க வேண்டியதில்லை. இரண்டு முகமும் ஒரே மாதிரி இருப்பதால் மேல்பக்கம், அடிப்பக்கம் என்ற தொல்லையும் இல்லை.

நூல் விஷயத்தில் மட்டும் இணைப்போடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. உல்லன் நூல் வாங்கச் சொல்லியிருந்தீர்கள். கடையில் உல்லன் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அது இழுவை கொடுக்கும், கைக்கு இதம், கற்பதற்குச் சுலபம், இதெல்லாம் உண்மைதான். ஆனால் நீங்கள் கொடுத்திருந்த மாதிரி சூடான போசியை இறக்கும் பிடிதுணி. அக்ரிலிக் சூட்டில் இளகும் பொருள். அடுப்பிலிருந்து இறக்கும் பாத்திரத்தில் அது ஒட்டிக்கொண்டால் கையும் சேர்ந்து வேகும். பிடிதுணிக்குப் பருத்தி நூல் தவிர வேறெதையும் சொல்லக்கூடாது. சித்திரை வைகாசி வேர்வையில் அக்ரிலிக் விரலில் ஒட்டி ஒட்டி வருவது வேறு.

பருத்திக்கு நாம் எங்கும் அலைய வேண்டியதும் இல்லை. கோவை, பல்லடம், உடுமலைப் பக்கம் நூற்பாலைகள். சென்னிமலை, பவானி, கரூர்ப் பக்கம் தறிகள். கடையில் 50 கிராம் உருண்டையாக விற்கும் குரோஷே நூலுக்குப் பதிலாக, தறி நூல் விற்கும் கடையில் கோனாகவோ (கூம்பில் சுற்றியது) சிட்டமாகவோ (வளையமாகச் சுற்றிய நூல் கட்டு) வாங்கி இழைகளைச் சேர்த்துப் போட்டால் செலவும் குறையும், வேண்டிய தடிமனும் நம் கையில் இருக்கும். எத்தனை இழை சேர்ப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நூல் நம்பர் தெரிந்த வட்டாரம் இது என்பதால் கணக்காகவே சொல்கிறோம்.

ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் எத்தனை வருமோ அதுதான் நூலின் நம்பர். மெட்ரிக்கில் சொன்னால், நம்பரை 1.69 ஆல் பெருக்கினால் ஒரு கிராமில் எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். 2/10 என்றால் 10-ஆம் நம்பரில் இரண்டு இழை முறுக்கியது. ஆகவே 5-ஆம் நம்பருக்குச் சமம். கிராமுக்குச் சுமார் 8.45 மீட்டர். அதில் 4 இழை சேர்த்தால் கிராமுக்கு 2.1 மீட்டர். இந்தப் பின்னலைக் கற்கப் பொருத்தமான தடிமன் இதுதான், 4 மி.மீ. ஊசிக்குச் சரியாக உட்காரும். 2/20 வாங்கினால் 8 இழை வேண்டும். அத்தனை இழையைப் புதியவர் கையில் கொடுத்தால் கொக்கி பாதி இழையைப் பிடிக்கும், பாதியை விடும். 2/6 கிடைத்தால் 2 இழையே போதும், கிராமுக்கு 2.5 மீட்டர் வரும், 3.5 மி.மீ. ஊசி எடுத்துக்கொள்ளலாம். கிடைக்கிற இடத்தில் 2/6 வாங்குங்கள் என்பதே எங்கள் சிபாரிசு. இழை குறையக் குறையச் சிக்கலும் குறையும்.

வாங்கும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பாவு நூலாக (தறியில் நீளவாட்டில் ஓடுவது) இருந்தால் கஞ்சி போட்டிருப்பார்கள். விறைப்பாக, வழவழவென்று இருக்கும், கண்ணி மடங்காது. ஊடைக்கு (குறுக்கே ஓடுவது) வைத்திருக்கும் கஞ்சி போடாத நூலைக் கேளுங்கள். கஞ்சி நூல்தான் கிடைத்தது என்றால் சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெந்நீரில் ஊறவைத்து அலசி உலர்த்தியபின் எடுங்கள். பனியன் துணிக்கு ஓட்டும் நூல் ஒற்றை இழை. முறுக்குக் குறைவு, மெழுகும் தடவியிருக்கும். அது சுலபமாகப் பிரிந்து கொக்கியில் மாட்டும், துணியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும். வேண்டாம். ஓ.இ. மில் (ஓப்பன் எண்ட் முறையில் நூற்கும் மில்) நூல் கொஞ்சம் வறட்டுத்தனமாக இருந்தாலும் பிடிதுணிக்குத் தாராளமாகப் போதும். ஆனால் பனியன் வேஸ்ட்டை உதறி மறுபடி நூற்ற ரகங்களில் பாலியெஸ்டர் கலந்திருக்கக் கூடும். ஒரு சாண் நூலை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாடையோடு பொடிச் சாம்பலானால் பருத்தி. உருகிக் கருமணியாகத் திரண்டால் கலப்பு. அது அடுப்படிக்கு ஆகாது. திருப்பூர் பனியன் துணியை நாடாவாக வெட்டிப் போடுகிறவர்களும் உண்டு. அதற்கு 8 மி.மீ.க்கு மேற்பட்ட ஊசி வேண்டும், மணிக்கட்டு வலிக்கும். கூடை போட நல்லது, கற்க நல்லதல்ல.

நிறம் சந்தனம், இளமஞ்சள் போல வெளிறியதாக இருக்கட்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் பழகிய கண்ணுக்கே கண்ணி தெரியாது. சாயச் சிட்டமாக இருந்தால் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள்.

2/10 வாங்கினால் 4 கோனிலிருந்து நேராகப் பின்ன ஆரம்பிக்காதீர்கள். 4 இழையையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே இழுப்பில், முதலில் உருண்டையாகச் சுற்றிக்கொள்ளுங்கள். ஓர் இழை தளர்ந்தாலும் பின்னும்போது அது மட்டும் வளையமாக வெளியே துருத்தும். ஒரு பிடிதுணிக்கு 40 முதல் 50 கிராம் நூல் செல்லும். 4 இழைச் சேர்மானத்தில் அது ஏறத்தாழ 100 மீட்டர்.

இனிப் போடும் முறை. 20 செ.மீ. அகலத்துக்கு 32 கண்ணி. கை இறுக்கத்தைப் பொறுத்து 10 செ.மீ.க்கு 15 முதல் 17 கண்ணி வரும் என்பதால் ஒரு விரற்கடை கூடலாம், குறையலாம். பிடிதுணிக்கு அது பொருட்டல்ல. கண்ணி இரட்டைப்படையில் இருப்பதுதான் முக்கியம். 32 கண்ணிக்கு 33 சங்கிலி. தொடக்கத்தில் போடும் சுருக்கு முடிச்சையும், ஊசியில் நிற்கும் வளையத்தையும் எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது. புதியவர்கள் சங்கிலியை நெருக்கிப் போடுவார்கள். துணி கீழே குறுகி மேலே விரிந்து முறம் போல வருவது அதனால்தான். சங்கிலியை மட்டும் அரை மி.மீ. பெரிய ஊசியில் போட்டுவிட்டு, பிறகு 4 மி.மீ.க்கு மாறினால் அந்தக் குறை போய்விடும்.

முதல் வரி: ஊசியை ஒட்டிய முதல் சங்கிலியை விட்டுவிட்டு இரண்டாவதில் ஒரு குட்டை. அடுத்த சங்கிலியில் ஒரு நெட்டை. இப்படியே மாறி மாறிப் போனால் 16 ஜோடி வந்து கடைசிச் சங்கிலியில் நெட்டையில் முடியும். இந்த வரியில் ஒரு அழகும் தெரியாது. துணி முறுக்கிக்கொள்ளும், ஊசி வழுக்கும். மூன்று வரி போகும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இணைப்பில் இதைச் சொல்லாமல் விட்டதால், முதல் வரியிலேயே "ஏனுங்க, இது சரியா வரலீங்களே" என்று பிரித்துப் போட்டவர்கள் நிறைய இருப்பார்கள்.

இரண்டாம் வரி: ஒரு சங்கிலி போட்டுத் துணியைத் திருப்புங்கள். இந்தச் சங்கிலி கண்ணிக் கணக்கில் வராது. இப்போது ஊசிக்கு அடியில் முதலில் நிற்பது போன வரியின் கடைசி நெட்டை. அதன் தலையில் குட்டை. அடுத்து நிற்பது குட்டை. அதன் தலையில் நெட்டை. கடைசிக் கண்ணி, போன வரியின் முதல் குட்டை. அதில் நெட்டை. மூன்றாம் வரியும் இதே, நான்காம் வரியும் இதே. இரட்டைப்படையில் போடச் சொன்னதன் பலன் இதுதான்: எந்த வரியானாலும் குட்டையில் தொடங்கி நெட்டையில் முடியும். ஒற்றைப்படையில் போட்டால் ஒரு வரி குட்டையில் தொடங்கும், மறு வரி நெட்டையில் தொடங்கும். திரும்பும் சங்கிலியின் உயரமும் வரிக்கு வரி மாறும். புதியவருக்கு அந்தத் தலைவலி எதற்கு?

ஊசியைக் குத்தும் இடத்தில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் இரண்டு இழை படுத்திருக்கும். கொக்கி அந்த இரண்டுக்கும் அடியில் போக வேண்டும். முன் இழையை மட்டும் எடுத்தால் துணியில் குறுக்கே கோடு விழுந்து தளர்ந்துபோகும். நெட்டையின் தலை அதன் தண்டுக்கு நேர் மேலே இராமல் சற்றே விலகியிருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் இரண்டு தண்டுகளுக்கு நடுவில் இருக்கும் சந்தில் குத்திவிடுவார்கள். அப்படிக் குத்தினால் கண்ணி கூடும், ஓட்டையும் விழும். சேர்மான நூலில் குத்தும்போது 4 இழையும் கொக்கியில் வந்தனவா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். முதல் பத்து வரிக்குள் கண் பழகிவிடும்.

நெட்டை சரியாகப் புடைக்கவில்லை என்ற குறை வந்தால் இரண்டாவது அசைவைப் பாருங்கள். குத்தி, நூலை வெளியே இழுக்கிறோமே, அந்த வளையத்தின் உயரம்தான் நெட்டையின் உயரத்தை முடிவு செய்கிறது. கை இறுகியவர்கள் அதைத் துணியோடு ஒட்ட நிறுத்திவிடுவார்கள். நெட்டை குட்டையைவிடக் கொஞ்சமே உயரமாக நிற்கும்; மேடு எழாது. அந்த வளையத்தை மட்டும் ஊசியின் பருமனான தண்டு வரை இழுத்து உயர்த்திவிட்டுப் பிறகு மீதியைச் செய்யட்டும். இறுக்கத்துக்கு ஊசியை மாற்றச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிப் பார்க்கலாம். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். பருத்திக்கு இழுவை கிடையாது என்பதால் நூலை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிப்பவர்கள் ஒரு சுற்றாகக் குறைத்துக்கொள்வதும் நல்லது.

கண்ணி குறைவதுதான் அடுத்த பெரிய தொல்லை. வரியின் கடைசிக் கண்ணி, போன வரியின் முதல் குட்டை என்றோமல்லவா? அது திரும்பும் சங்கிலிக்குப் பக்கத்தில் ஒடுங்கிக் கிடக்கும். வரி முடிந்துவிட்டது என்று நினைத்து அதை விட்டுவிடுவார்கள். அல்லது அதைப் போட்டபிறகும் சங்கிலியை ஒரு கண்ணி என்று எண்ணி அதிலும் ஒன்று போடுவார்கள். முதல் வகையில் துணி முக்கோணமாகக் குறுகும், இரண்டாவதில் விரியும். இரண்டையும் பிடிக்க எண்ணக்கூடத் தேவையில்லை. வரி குட்டையில் முடிந்தால் ஏதோ ஒன்று கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. அப்போதே நிறுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணி தவறினால் மட்டும் இந்தச் சோதனையில் சிக்காது. வரி நெட்டையிலேயே முடிந்து ஏமாற்றும். அதற்காக நாலைந்து வரிக்கு ஒருமுறை 32 இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வரியின் முதல் குட்டையிலும் ஒரு ஊக்கைக் குத்தி வைத்தால் திரும்பி வரும்போது கடைசிக் கண்ணி தப்பாது. இதற்கென்று பிளாஸ்டிக் கொக்கி விற்கிறார்கள், ஊக்கே போதும். வேலையை எடுத்து வைக்கும்போதும் அதே ஊக்கை ஊசியில் நிற்கும் வளையத்தில் மாட்டிவிடலாம்.

நடுவில் எங்காவது இரண்டு குட்டை அடுத்தடுத்து விழுந்துவிட்டால் அதிலிருந்து அந்த வரி முழுவதும் மாறிப்போகும்: நெட்டை மேல் நெட்டை, குட்டை மேல் குட்டை. அப்படியே ஏழெட்டு வரி போனால் மேடு மறைந்து, நெடுக்குவாட்டில் வரி வரியாக வேறொரு துணி நிற்கும். அதைச் சமாளிக்க நடுவில் ஒரு கண்ணியைச் சேர்ப்பது, விடுவது என்று ஒட்டுப்போடச் சொல்கிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். தவறிய இடம் வரை பிரித்துவிட்டுப் போடுவதே மேல். குரோஷேயில் ஒரே வளையம்தான் ஊசியில் நிற்கிறது. இழுத்தால் பிரியும், மாட்டினால் தொடரலாம். ஊசி நிறையக் கண்ணி நிற்கும் ஸ்வெட்டர் பின்னலில் பிரிப்பதற்கு இருக்கும் பயம் இதில் வேண்டாம்.

நூல் தீர்ந்தால் வரி முடிவில் மாற்றுங்கள். கடைசி நெட்டையின் கடைசி இழுப்பைப் புது நூலால் இழுத்தால் இணைப்புத் தெரியாது. பழையதிலும் புதியதிலும் 15 செ.மீ. வால் விட வேண்டும். பருத்தி வழுக்கும், முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டினால் நாலு துவைப்பில் அவிழும். வாலை மழுங்கிய தையல் ஊசியில் கோத்து ஒரு திசையில் 3 செ.மீ., திரும்பி எதிர்த்திசையில் 3 செ.மீ., பிறகு மேல்நோக்கிக் கொஞ்சம் என்று மேட்டுக்கு அடியில் நுழைத்துவிட்டால் நிற்கும். 4 இழை வாலை இரண்டிரண்டாகப் பிரித்து வெவ்வேறு பக்கம் நுழைத்தால் தடிப்பும் தெரியாது.

28 வரி போட்டால் ஏறத்தாழ சதுரம் கிடைக்கும். ஓரங்கள் லேசாக நெளிந்திருக்கும். ஒரு வரியில் ஓரத்தில் குட்டை, மறு வரியில் நெட்டை என்பதால் அது இயல்பு, கைக்குறை அல்ல. சுற்றிலும் ஒரு வரி குட்டை ஓட்டினால் நேராகும். மூலையில் ஒரே இடத்தில் 3 குட்டை. பக்கவாட்டில் வரிக்கு ஒன்று, ஏழு வரிக்கு ஒருமுறை கூடுதலாக ஒன்று என்று போனால் 32 வந்துவிடும். ஓரம் அலையடித்தால் குறையுங்கள், உள்ளே சுருக்கினால் கூட்டுங்கள். ஒரு மூலையில் 12 சங்கிலி போட்டு அதே மூலையில் ஸ்லிப் ஸ்டிச்சால் பூட்டினால் ஆணியில் மாட்ட வளையம்.

இந்தத் துணி ஒற்றையாக இருந்தால் மேசையில் பாத்திரத்துக்கு அடியில் விரிக்கவும், துடைக்கவும் ஆகும். கொதிக்கும் போசியை இறக்க ஒற்றைத் துணி போதாது. இரண்டு போட்டு, சேர்த்துப் பிடித்து, ஓரத்துக் குட்டையை இரண்டின் வழியாகவும் குத்தி இணைத்துவிடுங்கள். ஈரத்தோடு பிடித்தால் பருத்தியானாலும் சுடும். ஈரம் சூட்டை வேகமாகக் கடத்தும். இதை இணைப்பில் கட்டாயம் எழுத வேண்டும்.

பருத்தி முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும். எனவே அளவு முக்கியமான பொருள் எதுவானாலும் ஒரு மாதிரித் துண்டைத் துவைத்து அளந்தபின் தொடங்குவது நல்லது. துவைத்ததும் கையால் சதுரமாக இழுத்து விட்டு, நிழலில் தட்டையாகப் போட்டு உலர்த்தினால் போதும். இஸ்திரி போட்டால் மேடு அமுங்கிவிடும். பருத்தியில் அது மறு துவைப்பில் எழுந்துகொள்ளும். அக்ரிலிக்கில் ஒருமுறை சூடு பட்டு அமுங்கினால் அமுங்கியதுதான்.

இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இணைப்பில் ஒரு வார்த்தையும் இல்லை. அவர்கள் வரியை எதிர்த்திசையில் ஓட்டுவார்கள். மற்றபடி சங்கிலிக் கணக்கிலோ, குட்டை நெட்டை வரிசையிலோ எந்த மாற்றமும் கிடையாது. பிள்ளைகளை வலது கைக்கு மாற்றிப் பிடிக்கச் சொல்லி வதைக்க வேண்டாம்.

இது கைவந்தபின் புதிதாக எதையும் கற்காமலே இன்னொரு துணி போடலாம். குட்டை, நெட்டை இரண்டையும் ஒரே கண்ணியில் போட்டு, அடுத்த கண்ணியை விட்டுவிட வேண்டும். கடைசிக் கண்ணியில் ஒரு குட்டை மட்டும். அடுத்த வரியில் குட்டையின் தலையில்தான் குத்த வேண்டும், நெட்டையை விட்டுவிட வேண்டும். இதற்குக் கண்ணி ஒற்றைப்படை. 31 கண்ணிக்கு 32 சங்கிலி. மேடு சாய்வாக விழும், துணி இன்னும் அடர்த்தி.

இந்தப் பக்கம் தொடர்ந்து வர வேண்டும் என்றே விரும்புகிறோம். அடுத்து வரும் குறிப்புகளின் தலைப்பில் எந்த நாட்டுக் கணக்கு, ஊசி எத்தனை மி.மீ., நூல் 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்ற மூன்றையும் அச்சிடுங்கள். ஊசிக்கு நம்பர் போடாதீர்கள். எஃகு ஊசியில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். மற்ற ஊசிகளில் அமெரிக்கர் எழுத்தில் குறிப்பார்கள், இங்கிலாந்தின் பழைய நம்பர் வேறு. மி.மீ. ஒன்றுதான் எல்லாருக்கும் பொது. முடிந்தால் குறியீட்டுப் படமும் சேர்த்துப் போடுங்கள். சங்கிலிக்கு முட்டை வடிவம், குட்டைக்குப் பெருக்கல் அல்லது கூட்டல் குறி, நெட்டைக்கு 'டி' எழுத்தின் தண்டில் ஒரு சாய்கோடு. இங்கிலாந்தானாலும் அமெரிக்காவானாலும் குறி இதுதான். இந்தப் பின்னலுக்கு 8 கண்ணி அகலம், 4 வரி உயரம் வரைந்தாலே போதும்; இணைப்பில் தீப்பெட்டி அளவுக்கு மேல் இடம் பிடிக்காது. படத்தில் ஒற்றைப்படை வரிகள் வலமிருந்து இடமாகவும் இரட்டைப்படை வரிகள் இடமிருந்து வலமாகவும் படிக்கப்படும் என்பதால், வரி எண்ணை அந்தந்த வரி தொடங்கும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
குரோஷே கற்றுத் தரும் சிலர்,
பெருந்துறை வட்டாரம், ஈரோடு மாவட்டம்.